குறுக்கே நிற்பவர்

அந்த வார்டின் சாவியை என் கையில் கொடுத்த காவலாளி, தான் உள்ளே வரமாட்டேன் என்பதை மூன்று விதமாகச் சொன்னார். முதலில் முழங்கால் வலி என்றார். பிறகு, கேட்டை விட்டு நகர்ந்தால் மேலதிகாரி காய்ச்சி எடுத்துவிடுவார் என்றார். நான் நகராமல் நிற்கவே, "அங்க ஒண்ணும் இல்லம்மா, சும்மா பூட்டிக் கிடக்குது, அவ்வளவுதான்" என்று முடித்தார். ஒன்றுமே இல்லாத இடத்துக்கு இத்தனை காரணமா என்று நினைத்தபடி என் பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்தேன்.

மதியம் இரண்டரை மணி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேய் என்றால் நடுராத்திரியில்தான் வரும் என்று நானும் உங்களைப் போலத்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரியின் பழைய கட்டடம் அது. தொற்றுநோய் உச்சத்தில் இருந்தபோது மூச்சுத் திணறலோடு வந்தவர்களை அங்கேதான் படுக்கவைத்தார்கள். புதுக் கட்டடம் வந்ததும் பூட்டிவிட்டார்கள். மூன்று மாதம் ஆகிறது. சுவருக்கு அந்தப் பக்கத்து அறையைச் சமீபத்தில் நர்ஸ்களின் ஓய்வறையாக மாற்றினார்கள். வம்பு அங்கே தொடங்கியது. அந்த அறையில் உட்கார்ந்து டீ குடிப்பவர்களின் போனில் எங்கள் கம்பெனி உருவாக்கிய நோய்த்தொற்று ஆப் எச்சரிக்கை காட்டியது. 'நோய்த்தொற்று உள்ள ஒருவருக்கு அருகில் இருந்திருக்கிறீர்கள். ஐந்து நிமிடம்.' ஒரு தடவை இல்லை, பதினொரு தடவை. எல்லாமே ஐந்து நிமிடம்.

பூட்டிய வார்டில் யாராவது போனை மறந்து வைத்துவிட்டுப் போயிருப்பார்கள், சிக்னல் சுவர் வழியாகக் கசிகிறது, போய் அளந்துவிட்டு வா என்றார் எங்கள் மேனேஜர். மூன்று மாதம் சார்ஜ் இல்லாமல் எந்தப் போன் உயிரோடு இருக்கும் என்று அவர் யோசிக்கவில்லை. நானும் கேட்கவில்லை. வேறு யாரையாவது அனுப்புங்கள் என்று கேட்டால், ஏன் என்று கேட்பார். அந்த ஏனுக்கு என்னிடம் பதில் இருந்தது. அதுதான் சங்கடம்.

அந்த ஆப் உங்கள் போனிலும் இருந்திருக்கும். அது செய்வது சின்ன வேலை. ஒவ்வொரு போனும், யாருடையது என்று கண்டுபிடிக்க முடியாத ஒரு எண்ணை அக்கம்பக்கத்துக்கு முணுமுணுத்துக்கொண்டே இருக்கும். கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை அந்த எண்ணும் மாறிவிடும். பக்கத்தில் இருக்கும் போன்கள் அதைக் குறித்துவைத்துக்கொள்ளும். யாருக்காவது நோய் உறுதியானால், ஆஸ்பத்திரி தரும் ரகசிய எண்ணைப் போட்டு 'பகிர்' என்ற பொத்தானை அவர் அழுத்த வேண்டும். அவருடைய பழைய எண்கள் சர்வருக்குப் போகும். உங்கள் போன் அதை எடுத்துத் தன் குறிப்போடு ஒப்பிட்டுப் பார்த்து, பொருந்தினால் உங்களிடம் மட்டும் சொல்லும். எந்த நாள், எத்தனை நிமிடம், அவ்வளவுதான். யார் என்று சொல்லாது. பதினான்கு நாளில் எல்லாம் தானாக அழிந்துவிடும். சர்க்காருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. 'எலி வளையானாலும் தனி வளை' என்று பெரிய எழுத்தில் எழுதி ஆபீஸ் சுவரில் ஒட்டியவளே நான்தான். அவ்வளவு பெருமை எனக்கு.

பூட்டு சுலபமாகத் திறந்தது. பினாயில் நெடி முதலில் வந்தது. அதற்கு அடியில், நனைந்து காய்ந்த மெத்தையின் வாடை. மின்சாரத்தைத் துண்டித்திருந்தார்கள். ஜன்னல் கண்ணாடிகளில் காகிதம் ஒட்டியிருந்ததால், வெளியே இருந்த மேகமூட்ட வெளிச்சம் உள்ளே பழுப்பாக வந்து பாதியிலேயே நின்றுவிட்டது. பக்கத்துக்கு ஏழாகப் பதினான்கு இரும்புக் கட்டில்கள். ஒவ்வொன்றின் மேலும் எண் எழுதிய தகடு. எதிர்க்கோடியில் நர்ஸ் மேஜை. அதை ஒட்டி, இடது வரிசையின் கடைசிக் கட்டில் ஏழாம் எண். அதைப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தேன்.

சித்தப்பா இறந்தது அந்தக் கட்டிலில்.

அவர் எனக்குச் சொந்தம் இல்லை. ஆபீசில் எல்லோருக்கும் சித்தப்பா. பேருக்குக் கருவி அறையின் பொறுப்பாளர். உண்மையான வேலை குறுக்கே நிற்பது. மனித உடம்பில் பெரும்பகுதி தண்ணீர்; இரண்டு போன்களுக்கு நடுவே ஆள் நின்றால் அந்த உடம்பு சிக்னலைக் குடித்துவிடும். எவ்வளவு குடிக்கும் என்று தெரிந்தால்தான், ஒருவர் பக்கத்தில் இருந்தாரா தள்ளி இருந்தாரா என்று ஆப் சரியாகக் கணக்குப் போடும். தண்ணீர் நிரப்பிய கேனை வைத்தால் எங்கள் திரையில் ஒன்பது புள்ளி குறையும். சாதாரண ஆள் நின்றால் பதின்மூன்று, மிஞ்சினால் பதினான்கு. சித்தப்பா நின்றால் பத்தொன்பது. வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிற உடம்பு. "சுவருக்குச் சம்பளம் குடுக்கற ஒரே கம்பெனி இதுதான்" என்பார்.

நிற்பதிலும் அவருக்கு ஒரு முறை உண்டு. இடத்துக்கு வந்ததும் பக்கத்தில் இருக்கும் இரும்பை மோதிர விரலால் இரண்டு தட்டுத் தட்டுவார். நின்றுவிட்டேன் என்று அர்த்தம். பிறகு அசையமாட்டார், பேசமாட்டார். ஐந்து நிமிடம் முடிந்து நான் "போதும்" என்று சொன்னால்தான் அடுத்த இடத்துக்கு நகர்வார். ஒருநாள் அவரை நிற்கவைத்துவிட்டு வெளியே போன் பேசப் போனவள் மறந்தே போனேன். முக்கால் மணி நேரம் கழித்து வந்து பார்த்தால் அதே இடத்தில் நிற்கிறார். நெற்றியெல்லாம் வியர்வை. ஏன் சித்தப்பா போகவில்லை என்று கேட்டதற்கு, "நீ சொல்லலையேம்மா" என்றார்.

ஐந்து மாதத்துக்கு முன் ஒரு புதன்கிழமை. ஊரே வீட்டுக்குள் அடைந்து கிடந்த நேரம். நானும் அவரும் மட்டும் ஆபீசுக்குப் போய் இரண்டு சுற்று அளந்தோம். நான்கு இடம், இடத்துக்கு ஐந்து நிமிடம், ஆக நாற்பது நிமிடம். வெள்ளிக்கிழமை எனக்குக் காய்ச்சல் வந்தது. சனிக்கிழமை நோய் உறுதியானது. ஆஸ்பத்திரி தந்த எண்ணைப் போட்டு 'பகிர்' பொத்தானை அழுத்தினேன். 'நன்றி' என்றது திரை. சித்தப்பாவை நான் கூப்பிட்டுச் சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்? யார் என்று தெரியாமலே சேதி போய்ச் சேரத்தானே இதைக் கட்டினோம் என்று நிம்மதியாகப் போர்த்திக்கொண்டு படுத்தேன்.

திங்கட்கிழமை வேறு வேலையாகச் சோதனை சர்வரைத் திறந்தேன். அதில் ஒரே ஒரு பகிர்வு கிடந்தது. என்னுடையது. சோதித்துப் பார்ப்பது என் வேலை என்பதால் என் போன் சோதனை சர்வரோடு பேசிக்கொண்டிருந்தது. அதை மாற்றிவைக்க மறந்திருந்தேன். ஊரில் இருக்கும் மற்ற போன்கள் எல்லாம் பார்ப்பது வேறு சர்வரை. என் சேதி ஒருவருக்கும் போகவில்லை.

உடனே சித்தப்பாவுக்குப் போன் போட்டேன். உடம்பு எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்டேன். லேசாக இருமினார். "தூசி இருமல்மா. நம்ம ஆப்பே வாயைத் திறக்கல, எனக்கு என்ன வரப்போகுது?" என்றார். நாக்கு நுனி வரை வந்தது. அந்த வாரம்தான் எங்கள் குழுவைப் பாராட்டி மேலிடத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. தப்புக் கண்டுபிடிக்கிறவளே இப்படி ஒரு தப்புச் செய்தாள் என்று தெரிந்தால் எந்த முகத்தோடு ஆபீசுக்குப் போவது? நாளைக்குச் சொல்லலாம் என்று வைத்துவிட்டேன். நாளைக்கும் அதையே சொல்லிக்கொண்டேன். சனிக்கிழமைதான் அவர் ஆஸ்பத்திரிக்குப் போனார். நாலு நாள் முன்னால் வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னாராம். அடுத்த புதன்கிழமை எல்லாம் முடிந்தது.

அவருடைய மனைவியை நாங்கள் சித்தி என்போம். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"யாரும்மா அது? அவருக்கு யாரு குடுத்தது? உங்க ஆப்புக்குத் தெரியுமில்ல?"

"அது யாருக்கும் தெரியாது சித்தி. அப்படித்தான் செஞ்சிருக்கோம்" என்றேன்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். ஐந்து மாதமாக மறைத்துக்கொண்டே இருந்தேன். அவள் கண்ணில் படாமல் இருப்பதற்காக, கடைக்குப் போகும் வழியைக்கூட மாற்றியிருந்தேன்.

சரி, வார்டுக்கு வருகிறேன். மூன்று முக்காலிகளில் மூன்று போன்களைப் பொருத்தினேன். ஒன்று கதவருகே, ஒன்று நடுவில், ஒன்று ஏழாம் கட்டிலின் கால்மாட்டில். நாலாவது போனை நர்ஸ் மேஜையில் வைத்து அதன் பின்னால் உட்கார்ந்தேன். டேப்லட் திரையில் மூன்று கோடுகள் ஓடத் தொடங்கின. மேஜைப் போனுக்கும் ஒவ்வொரு முக்காலிக்கும் இடையே எவ்வளவு சிக்னல் என்று காட்டும் கோடுகள். குறுக்கே நிற்க ஆள் இல்லாததால் தண்ணீர்க் கேன்கள் கொண்டுவந்திருந்தேன். பெட்டிக்குள் அளவுத் திட்டத் தாள் இருந்தது. சித்தப்பாவின் கோணல் கையெழுத்து. இடம் ஒன்று, கதவருகே. இடம் இரண்டு, நடுவே. இடம் மூன்று, கடைசி முக்காலி. இடம் நாலு, அளப்பவருக்கு நேர் முன்னால், கைக்கெட்டும் தூரம்.

முதலில் வெறும் அறையை அளக்க வேண்டும். மூன்று கோடுகளும் பிசகாமல் நேராகப் போயின. வெளியே மழை பிடித்துக்கொண்டது. கேன்களை நான் இன்னும் தொடக்கூட இல்லை.

கதவுப் பக்கம் இரும்பில் சத்தம் கேட்டது.

டக், டக்.

மழைத்துளி என்று நினைத்தேன். கூரை ஒழுகுகிறது, கட்டிலில் சொட்டுகிறது, அவ்வளவுதான் என்று நினைத்தபடி திரையைப் பார்த்தேன்.

முதல் கோடு விழுந்திருந்தது. பத்தொன்பது புள்ளி.

தலையைத் தூக்கிப் பார்த்தேன். கதவுக்கும் எனக்கும் நடுவே காலிக் கட்டில்கள். முக்காலி வைத்த இடத்தில் இருந்தது. அதன் உச்சியில் போனின் பச்சை விளக்கு எரிய வேண்டும். அது எனக்குத் தெரியவில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று என்னையே திட்டிக்கொண்டேன். பேட்டரி போயிருக்கும், ஈரக்காற்றில் சிக்னல் ஆடும், ஆயிரம் காரணம் இருக்கிறது. ஆனால் ஆடும் சிக்னல் மேலும் கீழும் போகும். இது ஆணி அடித்த மாதிரி பத்தொன்பதில் நின்றது.

ஐந்து நிமிடம் ஆனதும் டேப்லட் பீப் என்றது. ஆயிரம் தடவை சொல்லிப் பழகிய வாய். என்னை அறியாமல் சொல்லிவிட்டேன்.

"போதும்."

கோடு எழுந்தது. பச்சை விளக்கு தெரிந்தது.



டக், டக். இந்தத் தடவை நடு வரிசையில், இன்னும் கிட்டத்தில்.

இரண்டாவது கோடு விழுந்தது. பத்தொன்பது.

இரண்டாவது விளக்கு மறைந்தது.

எழுந்து ஓடியிருக்கலாமே என்பீர்கள். வெளியே போக ஒரே கதவுதான். கதவுக்கும் எனக்கும் நடுவில் அது நின்றது. இந்த முறை வாயைத் திறக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். பீப் சத்தம் வந்தது. நான் பேசவில்லை. ஆறு நிமிடம். ஏழு. எட்டு. கோடு அசையவில்லை. முக்கால் மணி நேரம் நின்ற மனுஷன் எட்டு நிமிடத்தில் அலுத்துக்கொள்வாரா? நாள் முழுக்க நிற்பார். நானும் நாள் முழுக்க இங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும்.

சொன்னால் கிட்டே வருவார். சொல்லாவிட்டால் வழியை மறித்து நிற்பார்.

"போதும் சித்தப்பா" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

அவருக்குக் கேட்டது.

இரண்டாவது கோடு எழுந்தது. ஏழாம் எண் கட்டிலின் கம்பியில் இரண்டு தட்டு. மூன்றாவது கோடு விழுந்தது. அவர் எப்போதும் வாயில் அடக்கிக்கொள்ளும் இருமல் மிட்டாயின் காரமான குளிர்ந்த வாசனை, பினாயிலை விலக்கிக்கொண்டு வந்தது. கூடவே ஒரு மூச்சு. அதை மூச்சு என்று சொல்வதே பாவம். கிணற்றின் அடியிலிருந்து வாளியை இழுப்பது போல இழுத்து, பாதியில் நின்று, மறுபடி இழுக்கும் சத்தம். கடைசி நாலு நாள் அவர் இப்படித்தான் மூச்சுவிட்டார் என்று சித்தி சொல்லியிருந்தாள். கேட்பது இதுதான் முதல் முறை.

பீப்.

அடுத்த இடம் நாலு. கைக்கெட்டும் தூரம்.

நான் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டேன். சொல்லவே மாட்டேன், இப்படியே ஓடிவிடுகிறேன் என்று நினைத்தேன். மெதுவாக நாற்காலியிலிருந்து எழுந்தேன்.

மூச்சுச் சத்தம் நின்றது.

இந்த முறை நான் சொல்லும்வரை அவர் காத்திருக்கவில்லை. மூன்று கோடுகளும் சேர்ந்து விழுந்தன.

மேஜையின் இரும்புக் காலில், என் முழங்காலுக்குப் பக்கத்தில், டக், டக்.

என் முகத்துக்கு நேராக, கைக்கெட்டும் தூரத்தில், கெஞ்சுவது போல ஒரு கிசுகிசுப்பு. கோபமே இல்லாத குரல். கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"நீ சொல்லலையேம்மா."

எப்படி வெளியே வந்தேன் என்று தெரியாது. குளிர்ந்த எதையோ தோளால் இடித்துக்கொண்டு போனது மட்டும் நினைவிருக்கிறது. போன்கள், முக்காலிகள், பெட்டி எல்லாவற்றையும் அங்கேயே போட்டுவிட்டு ஓடிவந்தேன். காவலாளி ஒன்றும் கேட்காமல் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினார். பாதியைக் குடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. நாலாவது இடத்தில் அவர் வந்து நின்றார். அங்கிருந்து அவர் நகர, போதும் என்று நான் இன்னும் சொல்லவில்லை.

அன்று மாலை என் சொந்தப் போனில் ஆப் எச்சரித்தது. 'நோய்த்தொற்று உள்ள ஒருவருக்கு அருகில் இருந்திருக்கிறீர்கள். இன்று, இரண்டு மணி நேரம்.' வார்டிலிருந்து நான் வெளியே வந்து சரியாக இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. நான் தனியாக இருப்பவள். வீட்டில் என்னைத் தவிர இன்னொரு உயிர் கிடையாது. மறுநாள், இருபத்து நாலு மணி நேரம் என்றது. ஆப்பை அழித்தேன். போனையே அணைத்து அலமாரியில் வைத்துப் பூட்டினேன். தூக்கம் வரவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் இருமல் மிட்டாய் வாசனை வந்துகொண்டே இருந்தது.

மூன்றாம் நாள் காலையில் சித்தி வீட்டுக்குப் போனேன். சொல்லிவிடுவது என்றுதான் போனேன். சித்தி என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தாள். ஏன் இத்தனை நாள் வரவில்லை, இப்படி இளைத்துவிட்டாயே என்று கேட்டுக்கொண்டே டீ போட்டாள். பரண் மாதிரி உயரமாக இருந்த ஒரு சின்ன அலமாரித் தட்டில், சித்தப்பாவின் போன் சார்ஜில் கிடந்தது. ஆஸ்பத்திரியில் திருப்பிக் கொடுத்ததிலிருந்து அதை அணைக்கவே இல்லையாம். அணைத்தால் அவரையே இன்னொரு தடவை அணைத்தது போல இருக்கும் என்றாள். நான் டீயைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கே தொடங்குவது என்று தேடிக்கொண்டிருந்தேன். என்னைவிட அவள் நல்லவளாக இருந்தது எனக்குத் தடையாக இருந்தது. அவருக்குக் கொடுத்தது யாராக இருந்தாலும் வேண்டுமென்றா கொடுத்திருப்பார்கள், அவர்கள் நன்றாக இருக்கட்டும் என்று தினமும் நினைத்துக்கொள்கிறாளாம்.

அந்த வார்த்தையைக் கேட்டதும் என் தைரியம் போய்விட்டது. இவள் மன்னித்துவிட்டாள், சொல்லி எதற்குப் புண்ணைக் கிளற வேண்டும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். டீயைக் குடித்துவிட்டுக் கிளம்ப எழுந்தேன்.

அலமாரியில் அந்தப் போன் ஒலித்தது.

எங்கள் ஆப்பின் ஒலி. அதைத் தேர்ந்தெடுத்ததே நான்தான்.

சித்தி போனை எடுத்துப் பார்த்தாள். கண்ணாடி இல்லாமல் படிக்க வரவில்லை. என்னிடம் நீட்டினாள். "இது என்னம்மா சொல்லுது?"

'நோய்த்தொற்று உள்ள ஒருவருக்கு அருகில் இருந்திருக்கிறீர்கள்' என்று இருந்தது. கீழே தேதி. ஐந்து மாதத்துக்கு முந்தைய அந்தப் புதன்கிழமை. நாற்பது நிமிடம்.

என் எண்கள் பதினான்காம் நாளே அழிந்துபோனவை. அவர் போனில் இருந்த குறிப்பும் அப்படித்தான். ஒப்பிட எதுவும் இல்லை. இந்தச் சேதி வர வழியே இல்லை. ஐந்து மாதத்துக்கு முன் வந்திருக்க வேண்டிய சேதி, அவர் உயிரோடு இருந்தபோது நான் அனுப்பாமல் விட்ட அதே சேதி, என் கையில் மின்னிக்கொண்டிருந்தது. வாய்விட்டுப் படித்தேன். வேறு என்ன செய்ய?

சித்தி போனைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். அவள் படிக்காதவள் இல்லை, மக்கும் இல்லை.

"அந்தப் புதன்கிழமை அவரு ஆபீசுக்கு வந்தாரு" என்றாள். "வேற எங்கயும் போகல. வீட்டுல நான் ஒருத்திதான், எனக்கு அப்ப ஒண்ணும் இல்ல. ஆபீசுல யாரெல்லாம் இருந்தீங்க?"

யார் என்று கண்டுபிடிக்கவே முடியாது என்று நாங்கள் மார்தட்டிக்கொண்ட பூட்டுக்கு ஒரே ஒரு ஓட்டை உண்டு. அன்று நீங்கள் ஒரே ஒருவரோடு மட்டும் இருந்திருந்தால், எச்சரிக்கையே பெயரைச் சொல்லிவிடும். நாங்கள் ஆறு மாதம் உட்கார்ந்து யோசித்தும் அந்த ஓட்டையை அடைக்க முடியவில்லை.

"யாரும்மா அது?" என்றாள்.

பழைய பதில் நாக்கிலேயே இருந்தது. அறையில் இருமல் மிட்டாய் வாசனை அடித்தது. சித்திக்கும் அடித்திருக்க வேண்டும். அவள் தலை ஒரு கணம் வாசல் பக்கம் திரும்பியது.

"நான்தான் சித்தி."

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். சோதனை சர்வர் என்றால் என்ன என்று அவளுக்குப் புரியவைக்க இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. அழுகை வந்தது, அழ எனக்கு என்ன உரிமை என்று அடக்கிக்கொண்டேன்.  முடித்த பிறகு சித்தி ஒன்றை மட்டும் கேட்டாள்.

"உனக்கு எப்ப தெரியும்?"

"திங்கக்கிழமை."

"அவரு சனிக்கிழமைதான் ஆஸ்பத்திரிக்குப் போனாரு."

"ஆமா சித்தி."

"அஞ்சு நாள்" என்றாள். விரலால் எண்ணிப் பார்த்தாள். மறுபடியும் முதலிலிருந்து எண்ணினாள். "போம்மா" என்றாள்.

அந்த 'ம்மா'வை அவள் சொல்லாமல் விட்டிருக்கலாம். படி இறங்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று, சுற்றிலும் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, "போதும் சித்தப்பா. சொல்லிட்டேன். போதும்" என்றேன். மழை விட்டிருந்தது. வாசனை இல்லை. வீட்டுக்குப் போய் இரண்டு நாள் அடித்துப்போட்ட மாதிரி தூங்கினேன்.

மேனேஜரிடமும் சொன்னேன். வேலையை விட்டு அனுப்புவார் என்று எதிர்பார்த்தேன். இனிமேல் நீ மட்டும் தனியாக எதையும் சோதிக்க வேண்டாம் என்றார். என்னோடு புதிதாக ஒரு பெண்ணைச் சேர்த்துவிட்டார்கள். துடியானவள். அவள் தன் வீட்டிலிருந்தும் நான் என் வீட்டிலிருந்தும் வீடியோவில் பேசிக்கொண்டே வேலை பார்ப்போம். வார்டில் விட்டுவந்த போன்களும் முக்காலிகளும் திரும்பி வந்திருந்தன. அவை சரியாக இருக்கின்றனவா என்று பார்க்க, போன வாரம் மத்தியானம் என் அறையில் இரண்டு போன்களை எதிரெதிராக வைத்தேன். ஒன்று ஜன்னலோரம் முக்காலியில். இன்னொன்று என் கையில். கோடுகள் அவள் திரையில் ஓடின.

கொஞ்ச நேரம் எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, உங்களுக்கு முன்னாடி நிக்கறவங்களைக் கொஞ்சம் விலகச் சொல்லுங்க. அளவு கெடுது."

என் அறையில் மேஜை, நாற்காலி, முக்காலி. ஜன்னல் வழியாக நல்ல வெயில்.

"எத்தனை புள்ளி குறையுது?" என்று கேட்டேன்.

"பத்தொன்பது. நல்ல பெரிய ஆளா இருப்பாரு போல" என்று சிரித்தாள். "யாருக்கா அது?"

"எங்க சித்தப்பா" என்றேன்.

பிறகு எனக்கு முன்னால் இருந்த வெறும் வெயிலைப் பார்த்து, தெளிவாக, அவளுக்கும் கேட்கும்படி, "போதும் சித்தப்பா" என்றேன். காத்திருந்தேன். அவளும் திரையைப் பார்த்தபடி காத்திருந்தாள்.

"இன்னும் நிக்கறாரு அக்கா."

ஜன்னல் கம்பியில் சத்தம் கேட்டது. டக், டக்.